பழவேற்காட்டுக் கல்லறை

சென்னையிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஏரியையும் படகையும் மீனையும் நினைத்துத்தான் போகிறார்கள். எனக்கு அந்த ஊர் என்றதும் டச்சுக் கல்லறைதான் முதலில் நினைவுக்கு வரும். கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். விலா எலும்புகள்கூடத் தெளிவாகத் தெரியும். உள்ளே போகிற எவரும் அவற்றைத் தாண்டித்தான் போகவேண்டும்.

டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது 1613இல். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்த ஊர்தான். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிய மேடு. அந்தக் காலத்தின் முகத்தை இன்று நேரில் பார்க்கவேண்டுமானால் கல்லறைக்குத்தான் வரவேண்டும்.

பெரிய பெரிய பலகைக் கற்கள். எழுத்துகளைக் குழித்து வெட்டாமல், மேலெழும்பி நிற்கும்படி செதுக்கியிருக்கிறார்கள். விரலால் தடவினால் ஒவ்வோர் எழுத்தும் தட்டுப்படும். மேலே குடும்பச் சின்னம், கீழே பெயர், பதவி, இறந்த நாள். இறந்தவர் எத்தனை ஆண்டு, எத்தனை மாதம், எத்தனை நாள் வாழ்ந்தார் என்று கணக்கிட்டு எழுதுவது அவர்கள் வழக்கம். கடல் கடந்து வந்து இங்கே மாண்டவர்களின் துயரம் அந்தக் கணக்கில் இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அங்கே நிற்கும்போதெல்லாம் வேறொரு கூட்டமும் என் மனத்தில் வந்து நிற்கிறது. டச்சுக்காரர்களின் வணிகம் நம் நெசவாளர்களின் துணியால் நடந்தது. இந்தக் கரையில் வாங்கிய துணியைக் கிழக்கே கொண்டுபோய்க் கொடுத்துத்தான் அவர்கள் மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோதெல்லாம் வயிற்றுக்கில்லாமல் விற்கப்பட்ட நம் மக்கள் இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேறினார்கள். கல்லின் கீழ் கிடப்பவருக்கு வாழ்ந்த நாள் வரைக்கும் கணக்கு இருக்கிறது. கப்பலேறியவர்களுக்கோ டச்சுக் கம்பெனிப் பேரேட்டில் தலைக்கணக்கு மட்டும்தான். ஒரு பெயரைக்கூடச் சொல்லி அழ இந்தக் கரையில் நமக்கு ஒரு கல் இல்லை.

அதற்காக இந்தக் கல்லறையை அந்நியர் சொத்து என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதுவும் பழவேற்காட்டின் வரலாறு. விற்றவர், வாங்கியவர், நெய்தவர், போனவர் எல்லாரையும் சேர்த்தே இதைப் படிக்கவேண்டும். தொல்லியல் துறையின் காவலில் கற்கள் பத்திரமாக இருக்கின்றன. கதை அப்படி இல்லை. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இங்கே அழைத்துவந்து, கப்பலேறிப் போனவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வாசலிலேயே அதை நல்ல தமிழில் விரிவாக எழுதி வைக்கலாம்; பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அடுத்தமுறை மீன் வாங்க அந்தப் பக்கம் போகிறவர்கள் தயவுசெய்து அரைமணி நேரம் இதற்கும் ஒதுக்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.