இரண்டு ரூபாய் இட்லி

மத்தியானம் மூன்று மணிக்கு, சரியாகக் கண் சொருகுகிற நேரத்தில் உங்களுக்கும் அந்த போன் வந்திருக்கும். 'சார், நீங்க டிராவல் பண்ணுவீங்களா?' என்று ஒரு பெண் குரல். 'தினமும்மா. கொரட்டூர் டு சென்ட்ரல், மின்சார ரயில்ல' என்பது என் வழக்கமான பதில். சீசன் டிக்கெட் ஆசாமியிடம் பேசிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தாலும் அந்தப் பெண் விட மாட்டார். 'ஃப்ளைட்ல சார்?'

பயணக் கார்டு என்று தனி ரகமே இருக்கிறது. செலவு செய்யச் செய்ய பாயின்ட் சேரும், மைல் சேரும். சேர்ந்ததைக் கொடுத்தால் டிக்கெட். விமான நிலைய லவுஞ்சில் கார்டை நீட்டி, பேருக்கு இரண்டு ரூபாய் தேய்த்தால் இட்லி, பொங்கல், காபி, சாய்ந்துகொள்ள சோபா. இரண்டு ரூபாய்க்கு இட்லி! நாக்கில் ஊறத்தான் செய்யும். அந்த இட்லியின் அசல் விலை என்ன என்று இந்த வாரம் பார்க்கலாமா?

முதலில், பாயின்ட் எங்கிருந்து வருகிறது? ஜவுளிக் கடையில் 1,000 ரூபாய்க்குத் தேய்க்கிறீர்கள். கடைக்காரருக்கு முழு ஆயிரம் போய்ச் சேராது. ஒன்றரை, இரண்டு சதவீதம் போலப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள். பிடித்ததில் பெரும்பங்கு, கார்டு கொடுத்த வங்கிக்கு. அதில் ஒரு விள்ளல்தான் உங்கள் பாயின்ட். 'அப்படின்னா அஞ்சு பர்சென்ட், பத்து பர்சென்ட்னு எப்படித் தர்றாங்க?' என்று கேட்டால், நீங்கள் உஷார் பேர்வழி. சில இடங்களில் விமானக் கம்பெனியோ ரயில்வேயோ கூட்டு சேர்ந்து பங்கு போடுகிறது. இன்னொரு பங்கு, பாக்கி வைக்கிறவர்கள் கட்டுகிற வட்டியிலிருந்து. இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சமாசாரம் ஒன்றும் புதுசில்லை. டைனர்ஸ் கிளப் 1950-ல் நியூயார்க்கில் ஆரம்பித்தது. நம்மூரில் வங்கி ஒன்று கிரெடிட் கார்டு கொடுத்தது 1980-ல், சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா. மைல் கணக்கைப் பெரிய அளவில் தொடங்கிவைத்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981-ல். அன்றிலிருந்து உலகம் முழுக்க மனிதர்கள் தேவையில்லாமல் செலவு செய்துவிட்டு, 'ஃப்ரீ டிக்கெட்' என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பது வருஷ சர்வீஸ். அடுத்த மார்ச்சில் ரிட்டயர்மென்ட். பெண்ணைக் கோயம்புத்தூரில் கொடுத்திருக்கிறார். பையன் சிங்கப்பூரில். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று விளம்பரத் தாள்களோடு வந்தார்.

'சார், சம்பள ஸ்லிப் கையில இருக்கறப்பவே ஒரு நல்ல டிராவல் கார்டு வாங்கிடணும். அப்புறம் எவன் தருவான்? இதுல எது தேவலை, பார்த்துச் சொல்லுங்க.'

அவசரம் நியாயம்தான். ஆனால் ரிட்டயர் ஆனபின் எஃப்.டி.யை ஈடாக வைத்துக்கொண்டு கார்டு தருகிற வங்கிகளும் உண்டு. அதனால் பதறாமல் கணக்குப் போடலாம் என்று உட்கார்ந்தோம். நீங்களும் போடுங்கள். ஒரு பழைய டைரித் தாள் போதும். 'எந்தக் கார்டு நல்ல கார்டு?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'போன வருஷம் நான் எங்கே, எதில், எவ்வளவுக்குப் போனேன்?' என்று ஆரம்பியுங்கள்.

அவர் கணக்கில் விமானம் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. ரயிலோ வருஷத்துக்கு ஆறு தடவை, தம்பதி சமேதராக. 2023 ஏப்ரலில் கோவை வந்தே பாரத் விட்ட பிறகு அதில்தான். (கொரட்டூர் பிளாட்பாரத்தில் நின்றால் நம் முகத்தில் காற்றடித்துவிட்டு அது பறந்துபோவதைப் பார்க்கலாம். ஏற வேண்டுமென்றால் சென்ட்ரலுக்கு எதிர்த்திசையில் போய்விட்டு, வந்த வழியே திரும்ப வேண்டும். இதற்கு ஏதாவது பாயின்ட் உண்டா?)

ஒருவருக்கு ஒரு வழிக்கு ஏசி நாற்காலி 1,300 ரூபாய் என்று வைத்தோம். இரண்டு பேர், போக வர, ஆறு தடவை: 31,200. ஐ.ஆர்.சி.டி.சி.யும் எஸ்.பி.ஐ. கார்டும் சேர்ந்து 2020 ஜூலையில் ரூபே வகையில் விட்ட கார்டில் அறிவித்த சலுகை, ஏசி வகுப்பு டிக்கெட்டுகளுக்கு 10 சதவீதம் வரை திரும்ப வரும், 1 சதவீதப் பரிவர்த்தனைக் கட்டணமும் இல்லை என்பது. அதாவது வருஷத்துக்கு ஏறக்குறைய 3,400 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 500 என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590. கழித்தாலும் 2,800 ரூபாய் கையில் நிற்கிறது. வாங்கும் நாளில் சலுகை அதேதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இது பளபளப்பு இல்லாத கார்டு. அவர் தாள்களிலேயே ரொம்பச் சின்னதாக அச்சடித்திருந்தது இதுதான்.

பளபளப்பானது இன்னொன்று. கட்டணம் 5,000, வரியோடு 5,900. லவுஞ்ச் இலவசம், மைல் உண்டு. நாலாவது பக்கத்தில் பொடி எழுத்து: முந்தின மூன்று மாசத்தில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் லவுஞ்ச். கார்டு யார் பேரிலோ அவருக்கு மட்டும். அதாவது இவர் உள்ளே இட்லி சாப்பிடும்போது மனைவி வெளியே பையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், அல்லது தனியாகக் காசு கட்ட வேண்டும். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் இந்தப் பரீட்சை தேவையா? ராத்திரி சிங்கப்பூர் விமானத்துக்கு வீட்டிலேயே தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, டாக்சியில் பாடி மேம்பாலம் ஏறினால் போதாதோ?

மைல் சேர்ப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மைல் பணம் இல்லை, வாக்குறுதி. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரோடு பறக்காமல் நின்றது. ஜெட் ஏர்வேஸின் கடைசி விமானம் 2019 ஏப்ரல் 17 ராத்திரி. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு கலந்தபோது பாயின்ட்டுகளும் கூடவே போனதால் பிழைத்தன. விமானக் கம்பெனி நன்றாகவே இருந்தாலும் வங்கி கணக்கை மாற்றலாம். ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில், மாசம் ஒரு லட்சம் செலவழித்தால் 25,000 பாயின்ட் என்று ஒரு சலுகை இருந்தது. ஊரே கொண்டாடியது. 2023 செப்டம்பரில் அது நிறுத்தப்பட்டது. ஐந்து பாயின்ட்டுக்கு நாலு மைல் என்றிருந்ததும் இரண்டாகிவிட்டது. கட்டணம் மட்டும் 10,000-லிருந்து 12,500. விதிமுறையில் இதற்கெல்லாம் இடம் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். பாயின்ட்டை வெண்கலப் பாத்திரம் மாதிரி பரணில் சேர்த்துவைக்காதீர்கள். சேரச்சேரச் செலவழித்துவிடுங்கள்.

சிங்கப்பூர் போனால் முஸ்தபா கடைக்குப் போகாமல் வர முடியுமா? அங்கே 50,000 ரூபாய் மதிப்புக்குத் தேய்த்தால், பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதம், அதாவது 1,750. அதன்மேல் ஜி.எஸ்.டி. 315. மொத்தம் 2,065 ரூபாய். கிடைக்கிற பாயின்ட் 500 ரூபாய் தேறினால் அதிகம். இந்தக் கட்டணம் குறைவாகவோ இல்லாமலோ வருகிற கார்டுகளும் இருக்கின்றன. வெளிநாடு அடிக்கடி போகிறவர்கள் லவுஞ்சை மறந்துவிட்டு இந்த ஒரு வரியைத்தான் முதலில் தேட வேண்டும். கூடவே இன்னொன்று: 'ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா?' என்று அங்கே மெஷின் கேட்கும். தாய்நாட்டுப் பாசத்தில் ரூபாயை அமுக்கிவிடாதீர்கள். அந்த மாற்று விகிதத்தில் தனியாக ஒரு லாபம் ஒளிந்திருக்கும். உள்ளூர்க் கரன்சியே சிலாக்கியம்.

ஆக, ரயில் கார்டு என்று முடிவாகிவிட்டது, காபியும் வந்துவிட்டது. கிளம்பும் சமயம் பார்த்து, 'இப்ப வச்சிருக்கற கார்டு பில்லையும் ஒரு பார்வை பார்த்துடுங்க' என்று எடுத்து நீட்டினார்.

மொத்த பாக்கி 48,000. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 2,400.

'பொண்ணு வளைகாப்புக்குத் தேய்ச்சது சார். மினிமம் மாசாமாசம் கரெக்டா கட்டிடறேன். ஒரு நாள் தவறினதில்ல.'

தவறாததுதான் பிரச்னை. அந்தக் கார்டில் மாசத்துக்கு மூன்றரை சதவீத வட்டி. 48,000-க்கு 1,680. ஜி.எஸ்.டி. 302. ஆக 1,982. அவர் கட்டும் 2,400-ல் கடனில் கழிவது 418 ரூபாய்! அதுவும் புதுசாக எதுவும் வாங்காவிட்டால். பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுகளுக்கு அந்த ஒன்றரை மாச இலவச அவகாசமும் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். வருஷத்துக்கு 42 சதவீதம். 30-க்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே யாரும் வந்து காப்பாற்றுவார்கள் என்று காத்திருக்க முடியாது. ரயில் கார்டு ஒரு வருஷம் பூராவும் மிச்சம் பிடித்துத் தரும் 2,800 ரூபாயை இந்தக் கார்டு ஒன்றரை மாசத்தில் சாப்பிட்டுவிடும். அடுத்தவர்களின் லவுஞ்ச் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருப்பது இவர்தான்.

'கையில எஃப்.டி. ஏதாவது இருக்கா?'

மனிதர் பதில் சொல்லவில்லை. ஐம்பதாயிரம் இருந்தது, ஏழு சதவீதத்தில். அது காசிக்கு. கல்யாணமான நாளிலிருந்து 'போகலாம், போகலாம்' என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு என்று போட்டுவைத்த பணம். வளைகாப்புக் கடன் முழுக்கத் தீர்ந்துவிட்டதாக அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். 48,000 இன்னும் நிற்கிறது என்று அவருக்குத் தெரியாது.

'நீங்க வந்து சொல்லுங்க சார்' என்றார். முடியாது, நீங்கதான் சொல்லணும் என்றேன்.

மூன்று நாள் கழித்து அந்த அம்மாவைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். 'எஃப்.டி.யை முறிச்சாச்சுங்க. எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா சீட்டுப் பணத்துல அன்னிக்கே கட்டியிருப்பேன்' என்றார். குரலில் கோபம் இருந்தது. காசிக்காக இல்லை என்று நினைக்கிறேன்.

பழைய கார்டை மூடுவது பற்றி: சேர்ந்த பாயின்ட்டை முதலில் பயன்படுத்திவிட்டு, பாக்கி பூஜ்யமானதும், மூடச் சொல்லிக் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஏழு வேலை நாட்களில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். அதே விதிப்படி, கேட்காமல் கார்டு அனுப்பவும் கூடாது. மத்தியான போன் பெண்ணிடம் இதைச் சொல்லலாம், பாவம், அவர் மேல் எரிந்து விழாமல்.

நண்பர் ரயில் கார்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். பில் தொகை முழுவதும் கெடு நாளில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி எழுதிக்கொடுத்தாயிற்று. இப்போதெல்லாம் 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு என்பதால், மார்ச்சுக்குப் பின் காசிக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. மூன்றாம் ஏசியில் போட்டால் 10 சதவீதம் திரும்ப வரும் என்கிறார் அவர். ஸ்லீப்பரில் போட்டால் டிக்கெட்டே பாதி விலைதானே, ஜன்னலையும் திறந்துகொள்ளலாம் என்கிறார் மனைவி.