பலம் ஏழு, விவேகம் பதினாறு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்தால் முதல் வேலை, நமக்கென்று ஓர் ஆளை உருவாக்குவது. பலம், லாவகம், உடலுறுதி, புத்தி, விவேகம், வசீகரம் என ஆறு தகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் இந்த விளையாட்டைக் கொண்டுவந்தபோது, மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்டினால் அதுதான் எண். குறைந்தது 3, அதிகம் 18.

மூன்று பகடை விழுவதற்கு 216 வழிகள். அதில் 18 வருவது ஒரே வழியில். பத்துக்கும் பதினொன்றுக்கும் தலா 27 வழிகள். ஆகவே முக்கால்வாசிப் பேர் நம்மைப்போல நடுத்தரம்தான்! மாவீரன் கனவோடு வந்தவருக்குப் பலம் 7 என்று விழும். ஆட்டக்காரர்களுக்கு இது பொறுக்குமா? 1979இல் வந்த வழிகாட்டி நூலிலேயே நான்கு பகடை உருட்டிக் குறைந்ததைத் தள்ளிவிடும் முறை வந்துவிட்டது. 2014 பதிப்பில் உருட்டவே வேண்டாம் என்றாலும் சரி: 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆறு எண்களை வேண்டிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். 

பங்கிட்டுக் கொடுப்பது நியாயம்தான். யாருக்கும் யார்மீதும் பொறாமை வராது. ஆனால் வாள்வீரனாக வருபவர்கள் பெரும்பாலும் 15ஐப் பலத்திலும் 8ஐப் புத்தியிலும் போடுகிறார்கள். ரேஷன் கடை வரிசைபோல எல்லார் பையிலும் ஒரே சரக்கு.

இத்தனைக்கும் அந்த 8 என்ன கெடுதல் செய்துவிடுகிறது? 2000இல் வந்த பதிப்பிலிருந்து கணக்கு எளிது: எண்ணிலிருந்து பத்தைக் கழித்துப் பாதியாக்கி, பின்னம் வந்தால் கீழே இறக்க வேண்டும். 14க்கும் 15க்கும் கிடைப்பது அதே கூட்டல் இரண்டு. 8க்குக் கழித்தல் ஒன்று. கதவை உடைப்பதோ புதிரை அவிழ்ப்பதோ, இருபது முகப் பகடையை உருட்டி இதைச் சேர்த்துக்கொள்கிறோம். கழித்தல் ஒன்று என்றால் நூற்றுக்கு ஐந்து வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். அதற்காக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் ஆளை வடிகட்டின முட்டாளாக நடிக்கிறார்கள். பகடையில் அந்த எண்ணுக்கு உள்ள எடை கொஞ்சம். நம் கற்பனையில்தான் அது பூதாகாரமாகிறது.

அதனால்தான் கேட்காமல் விழுந்த எண்கள் எனக்குப் பிடிக்கும். பலம் 7, விவேகம் 16 என்று வந்த வாள்வீரன் ஏன் வாளைத் தூக்கினான்? அப்பன் தொழிலா, கடனா, வேறு வழியில்லையா? நாமாக எண்ணைப் பொறுக்கிப் போட்டால் இந்தக் கேள்வியே எழாது.

அடுத்த முறை புது ஆட்டம் தொடங்கும்போது மூன்றே பகடையை எடுத்து, வரிசை மாற்றாமல் ஆறு முறை உருட்டிப் பாருங்கள். ஐந்து விழுந்தாலும் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் மறுவாய்ப்புக் கேட்காதீர்கள்.