நாம் போன பிறகு யார் பார்ப்பார்கள்?

எந்த ஸ்டாக்கில் செய்கிறீர்கள் என்று சக டெவலப்பர்கள்தான் கேட்பார்கள். காசு கொடுத்து வேலை சொல்பவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் நம்மை நம்பி விட்டுவிடுகிறார். அந்த நம்பிக்கை எவ்வளவு கனமானது என்பதை 2016-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலை செய்தபோது உணர்ந்தேன்.

ஜாப் ஒர்க் கணக்கு அது. நூல் நிட்டிங்குக்குப் போகும். அங்கிருந்து கிரே துணி சாயப்பட்டறைக்கு, பிறகு காம்பாக்டிங், கட்டிங், பிரிண்டிங், தையல் என்று ஊரையே சுற்றி வரும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு டெலிவரி சலான். கட்டிங் வரை கிலோ, அதன் பிறகு பீஸ். கணக்கு எழுதும் அக்கா தன் நோட்டைப் பிரித்துக் காட்டினார். லாட் நம்பர், டயா, ஜிஎஸ்எம், போன எடை, வந்த எடை எல்லாம் பேனாவில் இருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் ஒரு எண். "அது சேதாரங்க தம்பி. சாயத்துக்குப் போன எடைக்கே துணி திரும்பி வராதுங்க. பட்டறை பில் வந்து, பேசி முடிச்ச பிறகுதான் பேனால எழுதுவேன்" என்றார்.

அந்தப் பென்சில் எண்தான் எனக்கு டேட்டாபேஸைத் தேர்ந்து கொடுத்தது.

என்னோடு வேலை பார்த்த தம்பிக்கு மாங்கோடிபி, எக்ஸ்பிரஸ், ஆங்குலர்ஜேஎஸ், நோட் கூட்டணியில் செய்ய ஆசை. "அண்ணா, இப்ப எல்லா இன்டர்வியூலயும் இதைத்தான் கேக்குறாங்க" என்றான். அவன் சொன்னது உண்மை. ஆசை எனக்கும் இருந்தது. எங்களுக்குப் பழகிய பி.எச்.பி.யிலேயே செய்கிறேன் என்று சொன்னால் பழைய ஆள் என்று நினைப்பார்களோ என்ற கூச்சமும் இருந்தது. ஆனால் நாங்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளும் செலவை அந்தக் கம்பெனியின் கணக்கில் எழுதுவதா என்று மனசு உறுத்தியது.

ஒரு சலான் போட்டால் நம் ஸ்டோரில் எடை குறைய வேண்டும், பட்டறையின் கணக்கில் அதே எடை ஏற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் இரண்டும் நடந்திருக்க வேண்டும், இல்லை இரண்டுமே நடக்காமல் இருக்க வேண்டும். ஒன்று நடந்து மற்றொன்று நடக்காவிட்டால் துணி காற்றில் கரைந்ததாகக் கணக்கு சொல்லும்; அந்தக் குறையும் அக்காவின் பென்சில் எண்ணில் சேதாரமாக ஏறிவிடும். அன்றைய மாங்கோடிபி இந்த உறுதியை ஒரே ஆவணத்துக்குள் மட்டும்தான் தந்தது. பல ஆவணங்களைச் சேர்த்துக் கட்டும் வசதி 2018-ல் நான்காம் பதிப்போடுதான் வந்தது. 1986-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டத்தின் வழிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் அது ஏற்கெனவே பழகிப்போன வசதி.

முன்பக்கத்துக்கு ஆங்குலர்ஜேஎஸ் வேண்டாம் என்றதற்குக் காரணம் வேறு. அதைத் தொடர்ந்து வந்த ஆங்குலர் 2 அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியானது. பெயர் ஒன்று, உள்கட்டுமானம் வேறு. பழையதில் எழுதினால் சீக்கிரமே மாற்றி எழுத வேண்டியிருக்கும். புதியதை எழுதத் தெரிந்தவர்களோ அன்று குறைவு.

மிச்சம் இருந்தது ஆள் பிரச்சினை. நாங்கள் விலகிவிட்டால் அந்த ஊரில் இதைப் பார்க்க யார் கிடைப்பார்கள்? பி.எச்.பி. தெரிந்தவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள். 2015 டிசம்பரில் வந்த அதன் ஏழாம் பதிப்பில் வேகம் நன்றாகவே கூடியிருந்தது. லாராவெல், போஸ்ட்கிரெஸ், சர்வரிலேயே உருவாகும் பக்கங்கள், கொஞ்சம் ஜேகொய்ரி. முடிவாகிவிட்டது. தம்பிக்கு வருத்தம்தான்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருஷத்துக்குள் திரும்பாவிட்டால் அது விற்பனை போலக் கருதப்பட்டு வரி விழும். ஐடிசி-04 படிவத்தில் போனதையும் வந்ததையும் காட்ட வேண்டும். அதற்குள் தம்பி பெங்களூரு போய்விட்டான்; நானும் வேறு வேலையில் இருந்தேன். கல்லூரி முடித்து வந்த ஒரு பெண் டேபிள்களைப் பார்த்தே புரிந்துகொண்டு, கெடு நெருங்கும் லாட்டுகளைப் பட்டியலிடும் ஒற்றை குவரியை எழுதிவிட்டார். எனக்கு போன்கூட வரவில்லை. என் தொழிலில் அதைவிட நிறைவான நாள் எனக்கு நினைவில் இல்லை.

இந்தத் தேர்வுக்கும் விலை உண்டு. ஏழின் கடைசிப் பதிப்பான 7.4-க்கு 2022 நவம்பரில் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. எட்டுக்கு ஏற்றியது அலுப்பான வேலை. போனில் அந்தத் திரைகள் அழகாகவும் இல்லை. லாரி எங்கே வருகிறது என்று நொடிக்கு நொடி காட்டும் வேலையாக இருந்திருந்தால் நானே நோட்.ஜேஎஸ் பக்கம் போயிருப்பேன். ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதில் கட்டியிருந்தால் திரைகள் முழுவதையும் திரும்ப எழுத அந்தக் கம்பெனி இன்னொரு முறை காசு கொடுத்திருக்கும்.

இப்போது தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கொட்டேஷனில் ஸ்டாக்கின் பெயரை மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். எந்தப் பதிப்பு, அதன் பாதுகாப்பு ஆதரவு எந்தத் தேதியில் முடிகிறது, அதன் பிறகு மேம்படுத்த உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். காசு கொடுப்பவர் கேட்க மாட்டார். நீங்களாகவே எழுதுங்கள்.