அடுப்பு வைத்த ஐஸ் பெட்டி

சமையலறை என்பது வீட்டின் பின்கட்டில் இருக்க வேண்டியது என்றுதான் அறுபத்திரண்டு வயது வரையில் நான் நினைத்திருந்தேன். அதற்குச் சக்கரம் வைத்து ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போவார்கள் என்பதை, 2019-ம் வருஷம் ஜூன் மாதம் இங்கிலாந்தில் பெண் வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் கண்டேன்.

மாப்பிள்ளை ஒரு பழைய 'காம்பர்வேன்' வாங்கியிருந்தார். உள்ளே இருவர் படுக்கக் கீழே ஒரு மெத்தை, கூரையை உயர்த்தினால் மேலே ஒரு மெத்தை, சின்ன அடுப்பு, கை கழுவத் தொட்டி, அதன் கீழே இடுப்பளவு உயரத்தில் ஓர் ஐஸ் பெட்டி. தீப்பெட்டிக்குள் குடித்தனம் வைத்த மாதிரி எல்லாம் அடக்கம்.

"அத்தை, மாமாவையும் அழைத்துக்கொண்டு நாலு நாள் ஏரிப் பிரதேசம் போய் வரலாம்" என்றார்.

புறப்படும்போதே என் பிடிவாதம் ஆரம்பமாகிவிட்டது. என் கணவருக்குப் பத்து வருஷமாக இன்சுலின். மூன்று மாதத்துக்கு வேண்டிய பேனாக்களைச் சென்னையிலிருந்தே கொண்டு வந்திருந்தோம்.

"எல்லாவற்றையும் ஏன் அம்மா சுமக்கிறாய்? வீட்டு ஃப்ரிஜ்ஜிலேயே இருக்கட்டுமே" என்றாள் பெண்.

"பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரண்டு போய்விட்டால்?" என்று கேட்டேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். பெட்டி முழுவதும் வேனில் ஏறியது.

வழியில் கிராஸ்மியரில், கவி வோர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை குடியிருந்த 'டவ் காட்டேஜ்' என்ற சின்ன வீட்டைப் பார்த்தோம். அன்று மாலை கெஸ்விக் என்ற ஊருக்கு அருகே, டெர்வென்ட்வாட்டர் ஏரிப் பக்கம் ஒரு புல்வெளியில் வண்டியை நிறுத்தினோம். மணி ஒன்பதரை ஆகியும் வெளிச்சம் போகவில்லை. சாதத்தில் தயிரைப் பிசைந்துகொண்டே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் வரையில் எல்லாம் பிரமாதம்.

படுக்கும் முன் மாப்பிள்ளை ஐஸ் பெட்டியின் முன் குனிந்து ஒரு திருகைத் திருப்பினார். 'டிக், டிக்' என்று சப்தம் கேட்டது. சிறு கண்ணாடித் துவாரத்தில் நீலமாக ஒரு சுடர் தெரிந்தது.

"இது என்ன, மாப்பிள்ளை?"

"காஸ், அத்தை. ராத்திரி பூராவும் இதில்தான் பெட்டி ஓடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷமாகச் சிலிண்டரை மூடிவிட்டு, மூடினோமா என்று இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டுப் படுக்கிறவள் நான். நாலு பேர் தூங்கும் தகரப் பெட்டிக்குள் விடிய விடியத் தீயா? போகட்டும் என்றால், தீயை வைத்துக் குளிரை உண்டாக்குவதாவது! இந்தப் பிள்ளைக்கு யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தீர்மானித்தேன்.

எல்லாரும் தூங்கியதும் எழுந்தேன். திருகைச் சுற்றி மூன்று படங்கள் இருந்தன: ஒரு பிளக், ஒரு பாட்டரி, ஒரு சுடர். பாட்டரி இருக்கும்போது தீ எதற்கு? சுடரிலிருந்து பாட்டரிக்குத் திருப்பினேன். நீலச் சுடர் அணைந்தது. நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

விடியற்காலையில் பெண்ணின் குரல்தான் எழுப்பியது. விளக்கு எரியவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. அதற்கும் பாட்டரியில் ஓடும் பம்பு. ஐஸ் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்த தர்மாமீட்டர் 15 டிகிரி காட்டிற்று.

"இந்தப் பழைய வண்டி வேண்டாம் என்று அப்போதே சொன்னேனே, கேட்டீர்களா? அப்பாவின் மருந்து அத்தனையும் அதில் இருக்கிறதே!" என்று புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை குனிந்தார். திருகைப் பார்த்தார். சட்டென்று அதைச் சுடருக்குத் திருப்பிவிட்டு நிமிர்ந்தார். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பாட்டரி பழசு. நான்தான் கவனித்திருக்க வேண்டும்" என்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது! தெரிந்தும் தம் தலையில் போட்டுக்கொண்டார். நானோ, வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தேன். சகோதரிகளே, அந்தக் காலை நேரத்தில் நான் பட்ட அவமானத்தை யாரும் எனக்குச் செய்யவில்லை, நானேதான் செய்துகொண்டேன்.

நல்லவேளையாக வண்டி கிளம்பிற்று. கெஸ்விக்கில் மருந்துக்கடை திறக்கும் வரை வாசலிலே காத்திருந்தோம். கடையில் இருந்த அம்மாள் பேனாக்களைப் பார்த்தாள். பெட்டியிலிருந்த காகிதத்தையும் படித்தாள்.

"உறையவில்லை, வெயிலும் படவில்லை. சில மணி நேரம் 15 டிகிரியில் இருந்ததால் கெட்டுவிடாது. திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைப்பது, மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்காக. உபயோகத்தில் இருக்கும் பேனா அறைச் சூட்டிலேயே சுமார் 4 வாரம் தாங்கும். உறைந்துவிட்டால் எறிந்துவிட வேண்டும்" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே என் நாக்கும் திரும்பி வந்தது. கடை வாசலிலேயே, "மாப்பிள்ளை பேரில் தப்பில்லை. ராத்திரி திருகைத் திருப்பியவள் நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

பெண் திறந்த வாய் மூடவில்லை. என் கணவர் மட்டும், "நான் அப்போதே நினைத்தேன்" என்றார். அவர் எப்போதுமே அப்போதே நினைத்தவர்.

மாப்பிள்ளை சிரித்தார். "பயந்ததில் தப்பில்லை, அத்தை. நான் விவரமாகச் சொல்லியிருக்க வேண்டும்" என்று சொல்லி, ஏரிக்கரைப் பெஞ்சியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

அந்தப் பெட்டியில் மோட்டாரே கிடையாதாம். 1922-ல் சுவீடன் தேசத்தில் பிளாட்டன், முண்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை. தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியாவைச் சூடு பிரித்தெடுக்கிறது. அது பின்பக்கக் குழாயில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. பிறகு ஹைட்ரஜனோடு சேர்ந்து ஆவியாகும்போது பெட்டிக்குள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. மறுபடி தண்ணீரில் கரைகிறது. ஈரத்துணி சுற்றிய பானையில் தண்ணீர் ஜில்லென்று ஆகிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி! சுடரும் வண்டிக்குள் இல்லை. தனி அறையில் எரிந்து, புகை வெளிப்பக்கக் கம்பி வலை வழியே போய்விடுகிறது. விஷப்புகை கசிந்தால் கத்துவதற்கு ஒரு கருவியும் வைத்திருந்தார்.

"அப்படியானால் பாட்டரிப் படம் எதற்கு?"

"வண்டி ஓடும்போது மட்டும், அத்தை. அப்போது எஞ்சின் பாட்டரியை நிரப்பிக்கொண்டே இருக்கும்."

எஞ்சினைக் கிளப்ப ஒரு பாட்டரி. நின்ற இடத்தில் விளக்குக்கும் பம்புக்கும் வேறொரு பாட்டரி. இரண்டாவதற்கு 'லெஷர் பாட்டரி', அதாவது ஓய்வு நேரப் பாட்டரி என்று பெயராம். பேரில்தான் ஓய்வு, வேலையெல்லாம் அதன் தலையில். நம் போன்ற குடும்பஸ்திரீகளுக்கும் அந்தப் பெயரைச் சூட்டலாம்!

அதை ஒரு குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவு 110 ஆம்பியர்-மணி. ஈயப் பாட்டரியில் பாதிக்கு மேல் இறைத்தால் குடமே கெட்டுவிடும். ஆகவே நமக்கு உள்ளது 55. சூட்டுக் கம்பியால் ஓடும் இந்த ஐஸ் பெட்டியோ 12 வோல்ட்டில் 120 வாட் இழுக்கிறது. மணிக்கு 10 ஆம்பியர். ஐந்தரை மணி நேரத்தில் கணக்குத் தீர்ந்துவிடும். புதுப் பாட்டரிக்கே இந்தக் கதி என்றால் கிழட்டுப் பாட்டரி என்ன செய்யும்? எஞ்சின் நின்றதும் இந்த வழியைத் தானே துண்டிக்க ஒரு 'ரிலே' இருக்க வேண்டும். வண்டியின் பழைய சொந்தக்காரர் அதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்திருந்தார். என் கைக்கு அவர் வழி திறந்துவைத்திருந்தார் என்று சொல்லலாம்.

அன்றிரவு மின்சார இணைப்பு உள்ள இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தி, பிளக் படத்துக்குத் திருப்பினோம். திருப்பியது நான்தான், மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அவர் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, மோட்டார் வைத்த பெட்டி ஒன்றைப் பொருத்தினார். அது ஓடும்போது 45 வாட்; ஆனால் மணிக்கு இருபது நிமிஷம்தான் ஓடுகிறது. நாள் முழுவதற்கும் 30 ஆம்பியர்-மணி போதும். கூரையில் 100 வாட் சூரியப் பலகை ஒன்று. நல்ல கோடை நாளில் செலவழித்ததை ஏறக்குறையத் திருப்பித் தந்துவிடுகிறது.

"எனக்காகவா இத்தனை செலவு?" என்று கேட்டேன்.

"இதில் தீ கிடையாது, அத்தை. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்" என்றார்.

இப்போதும் சென்னையில் ராத்திரி சிலிண்டரை மூடிவிட்டுத்தான் படுக்கிறேன். அந்த வழக்கம் என்னோடுதான் போகும். ஆனால் பிறர் வீட்டுத் திருகு எதையும் கேட்காமல் தொடுவதில்லை. மாப்பிள்ளை வந்து தங்கும் நாட்களில் மட்டும், மூடினோமா என்று இரண்டாம் தரம் எழுந்து பார்க்கும் வேலையை அவரே செய்துவிடுகிறார்.