அம்மா மாடு மாதிரியே மக மாடா?

டிஸ்கி: நான் படிக்கிறது பி.காம். மாட்டைப் பத்தி எழுத என்ன தகுதின்னு கேக்கறவங்களுக்கு: எங்க வீட்ல மாடு இருக்கு, காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்த்ததுதான் இது :-)

எங்க ஊரு குருபரப்பள்ளி. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போற ஹைவேயில வரும். இந்தப் பக்கம் மாந்தோப்பு, அந்தப் பக்கம் சிப்காட். அப்பா கம்பெனிக்கு ஷிப்ட் போறார். மாடு முழுக்க ஆயா பொறுப்பு. பால் காசுலதான் என் செமஸ்டர் பீஸ் போகுது.

எங்ககிட்ட ஒரு ஜெர்சி கலப்பு மாடு இருந்துச்சு. கன்னு போட்டா அடுத்த சினை பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். வித்துட்டோம். அதோட கிடாரிதான் இப்ப நிக்குது. மூணு சினை ஊசி போட்டாச்சு, நிக்கல. தரகர் வந்து பார்த்துட்டு, "ஆயா, இந்த வம்சமே இப்படித்தான். வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஓட்டிரு"ன்னார். ஆயாவும் "தாயைப் போல பிள்ளை"ன்னு தலையாட்டிருச்சு. சினை நிக்காத கிடாரி சந்தையில என்ன விலைக்குப் போகும், எங்க போகும்னு உங்களுக்கே தெரியும்.

எனக்கு மனசு கேக்கல. அப்பதான் ஹெரிட்டபிலிட்டின்னு ஒரு கணக்கு கண்ணுல பட்டுச்சு. ஒரு மந்தையில மாட்டுக்கு மாடு இருக்கிற வித்தியாசத்துல, பெத்தவங்ககிட்ட இருந்து பிள்ளைக்கு இறங்குற பங்கு எவ்வளவு? 0ல இருந்து 1 வரைக்கும் ஒரு எண். அவ்வளவுதான். அமெரிக்காவுல மான்டானா மாநிலம் மைல்ஸ் சிட்டி ஆராய்ச்சிப் பண்ணையில நாப் என்பவரும் நார்ட்ஸ்காக் என்பவரும் 1946லயே கறி மாடுகளோட வளர்ச்சிக்கு இதைக் கணக்குப் போட்டு வெளியிட்டிருக்காங்க. நம்ம ஆலம்பாடி, ஹள்ளிகர் எல்லாம் ஏருக்கும் வண்டிக்கும் பார்த்துப் பார்த்து வளர்த்த ஜாதி. அங்க கறிதான் வியாபாரம், அதனால எடை போட்டு எழுதி வெச்சிருக்காங்க.

அதுக்கப்புறம் பல நாட்டுல பார்த்ததுல தோராயமா வர்ற எண்கள் இவை. ஒரு வயசு எடைக்கு 0.3லிருந்து 0.4. கறியோட தரம், கொழுப்புப் படிவு இதுக்கெல்லாம் 0.4 பக்கம். சினை பிடிக்கிறது, கன்னுக்குக் கன்னு இடைவெளி? பெரும்பாலும் 0.1க்கும் கீழ!

இதை நம்ம ரிக்ரஷன்ல போடுங்க. தாய் கொடுக்கிறது பாதிதான், அதனால அந்த எண்ணுல பாதியை எடுத்துக்கணும். தாய் மந்தை சராசரியை விட 40 கிலோ கூடன்னு வைங்க. எண் 0.4ன்னா மககிட்ட எதிர்பார்க்கிறது 8 கிலோ. அதே தாய் கன்னு போடறதுல சராசரியை விட 40 நாள் தாமதம்னு வைங்க. எண் 0.05ன்னா மகளுக்கு வர்றது ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளுக்காகத்தான் கிடாரியை சந்தைக்கு ஓட்டப் பார்த்தோம்.

தரகர் முட்டாள் இல்ல. மாட்டோட சப்பையைத் தடவிப் பார்த்தே எடை சொல்வார். உடம்புவாகு வம்சத்துல வரும்னு அவர் சொன்னா சரிதான். அதையே சினைக்கும் நீட்டினதுதான் தப்பு. கன்னு போடாத மாட்டுக்கு வம்சமே இருக்காது இல்லையா? அதனால இந்த விஷயத்துல பெரிய குறையெல்லாம் தலைமுறை தலைமுறையா கழிஞ்சே போயிருக்கும். மிச்சம் இருக்கிற வித்தியாசத்துல பெரும்பங்கு தீனி, நோய், கவனிப்பு.

ஆனா மரபுக்கு வேலையே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஒரு காளையோட நூத்துக்கணக்கான பெண் கன்னுகளைச் சேர்த்துப் பார்த்தா இந்தச் சின்ன வித்தியாசமும் தெரியும். நார்வேயில 1970கள்லயே அப்படித்தான் காளை தேர்ந்தெடுத்தாங்க. ஒரே ஒரு தாயை வெச்சு ஒரு மகளுக்குத் தீர்ப்பு சொல்றதுதான் செல்லாது.

சரி, எங்க வீட்டுக் கவனிப்பு எப்படி? பருவம் 21 நாளைக்கு ஒரு தடவை வரும், ஒரு நாள் கூட முழுசா நிக்காது. காலையில கண்டா சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கண்டா மறுநாள் காலையில. எங்க கிடாரி ராத்திரி கத்தினா ஆயாவுக்குக் காது கேக்காது, அப்பா நைட் ஷிப்ட், நான் காதுல ஹெட்போன். மறுநாள் மத்தியானம் யாருக்காவது ஞாபகம் வந்து போன் பண்ணுவோம். முன்ன மேய்ச்சலுக்குப் போன நிலத்துக்கு இப்ப கம்பி வேலி.

இன்னொண்ணும் இருக்கு. கன்னா இருந்தப்ப அது குடிக்க வேண்டிய பாலைத்தான் கறந்து ஊத்தினோம். வளர்ச்சி குறைஞ்சா பருவமும் தள்ளிப்போகும். அந்தப் பால் காசுலதான் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பருக்கு பீஸ் கட்டினேன் :-(

ஆயாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "படிச்சவன் நீ, அப்ப ராத்திரி நீயே முழிச்சுக்க. ரெண்டு மாசம் பாக்கறேன், அதுக்கு மேல சந்தைதான்"னு சொல்லிருச்சு. டாக்டர் வந்து பார்த்துட்டு கருப்பையில கோளாறு இல்லைன்னுட்டார். தாது உப்பு வாங்கியாச்சு. கொட்டகையில ஒரு காலண்டர் மாட்டி 21 நாளுக்கு ஒரு வட்டம் போட்டிருக்கேன்.

அடுத்த வட்டம் வர்ற செவ்வாய்க்கிழமை. ஹைவே லாரி சத்தத்துல அது கத்தறது கேக்குமான்னு தெரியல. ரெண்டு மணிக்கு ஒண்ணு, நாலு மணிக்கு ஒண்ணு அலாரம் வெச்சிருக்கேன்.