அவிநாசி வழியில் ஒரு மண்கலயம்

காதர்பேட்டைக்குச் செல்பவர்கள் பனியன் வாங்கச் செல்வார்கள். திருப்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள அந்தக் கடைவீதியில் உள்ளாடைகளும், டி-சர்ட்டுகளும், குழந்தைகளின் உடுப்புகளும் மலைமலையாகக் குவிந்திருக்கும். கேரளம், ஆந்திரம் எனப் பல மாநிலங்களிலிருந்து வரும் வியாபாரிகள் பண்டல் பண்டலாக வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். இந்தச் சித்திரை மாதத்தில் நானும் என் மனைவியும் அவிநாசிக்குச் செல்லும் வழியில் அங்கே இறங்கினோம். நாங்கள் கொண்டுவந்தது ஒரு முழ வெள்ளைத் துணியும், ஒரு மண்கலயமும், அவற்றோடு சேர்ந்து வந்த மன நிம்மதியும்தான். இந்த நிம்மதியின் அருமையைச் சொல்ல, சென்ற ஆண்டு நிகழ்ந்ததை முதலில் சொல்லியாக வேண்டும்.

என் மனைவிக்கு நீரிழிவு நோய் உண்டு. பதினோரு ஆண்டுகளாகக் காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். சென்ற ஆண்டு சித்திரைத் தேருக்காக மதுரையிலிருந்து சொந்தக் காரில் அவிநாசிக்குச் சென்றோம். இரண்டு நாட்கள் தங்கினோம். மருந்துப் பை கோயில் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று, அதைப் பத்திரமாகக் காரின் பின்கண்ணாடி ஓரத்தில் வைத்துப் பூட்டியவன் நான்தான். பகல் முழுவதும் கார் வெயிலில் நின்றது. நாங்கள் தேர் பார்த்தோம். வடத்தைத் தொட்டுக் கும்பிட்டோம்.

இரண்டாம் நாள் இரவே அவளுக்குத் தாகம் அடங்கவில்லை. மறுநாள் காலையில் சர்க்கரை அளவு 340 காட்டியது. நான் கோபப்பட்டேன். "பிரசாதமென்று சர்க்கரைப் பொங்கலில் கை வைத்தாயா?" என்று கேட்டேன். "ஒரு விரல் அளவுதாங்க, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன்" என்றாள். நான் நம்பவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்காட்டிக்கொண்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அங்கே மருத்துவர் அவள் என்ன சாப்பிட்டாள் என்று முதலில் கேட்கவில்லை. "பயணத்தில் மருந்தை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றுதான் கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள், ஒரு மணி நேரத்திலேயே வெளியில் உள்ளதைவிட 20 டிகிரி வரை வெப்பம் கூடிவிடும் என்று அவர் விளக்கினார். இன்சுலின் ஒரு புரதம். கடும் வெப்பத்தில் அது சிதைந்து வீரியம் இழந்துவிடும். ஆனால் நிறம் மாறாமல், மணம் மாறாமல், முன்போலவே தோற்றமளிக்கலாம். என் மனைவி தவறாமல் ஊசி போட்டுக்கொண்டாள். அதில் மருந்தின் வலிமைதான் இல்லை. அவள் என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் எந்தக் கோயிலிலும் பிரசாதத்துக்குக் கை நீட்டுவதில்லை. விபூதியும் குங்குமமும் பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுவாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நெஞ்சு சுடும்.

இந்த ஆண்டு நான் மறுகோடிக்குச் சென்றேன். தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கி, உள்ளே ஐஸ் பொதிகளை அடுக்கி, அவற்றின் நடுவே இன்சுலின் பேனாக்களைச் செருகி எடுத்துக்கொண்டேன். பேருந்தில் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் வந்து சேர்ந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. இளம் வயதில் நான் திருப்பூர்க் கிளையில் பணியாற்றியவன். அக்காலத்தில் கடன் பெற்று, தவணை தவறாமல் கட்டிய வாடிக்கையாளர் ஒருவர் காதர்பேட்டையில் இன்னும் கடை வைத்திருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். வெயில் தாழும் வரை அவர் கடையில் இளைப்பாறலாம் என்று போனோம்.

"வாங்க சார், வாங்கம்மா" என்று வரவேற்று மோர் கொடுத்தவர், பெட்டியைப் பார்த்து, "இதுல என்னங்க?" என்று கேட்டார். சொன்னேன். திறந்து பார்த்தவர் முகம் மாறியது. "ஏனுங்க சார், ஐஸ்ல ஒட்டியே வெச்சிருக்கீங்களே! சூடு பட்டாலும் கெட்டுப்போகும், உறைஞ்சாலும் கெட்டுப்போகுமுங்க" என்றார். அவரும் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில், அதாவது குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கலாகாது. ஒருமுறை உறைந்த மருந்து மீண்டும் உருகினாலும் பயன்படாது. பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக 25 அல்லது 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்திருக்கலாம். இது வகைக்கு வகை மாறும் என்பதால் உறைக்குள் இருக்கும் தாளைப் படித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பேனாக்கள் வழியில் உறைந்தனவா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. வங்கியில் வாராக்கடனைத் தள்ளுபடி செய்து பழகியவனுக்கு இதைத் தள்ளுபடி செய்ய நெடுநேரம் ஆகவில்லை. மருத்துவர் சீட்டு கையில் இருந்தது. மருந்துக் கடையில் புதிதாக வாங்கினோம்.

வாங்கியதை வைப்பது எங்கே? பெரியவர் தம் இருக்கைக்குக் கீழே கை காட்டினார். நிழலும் காற்றோட்டமும் உள்ள மூலையில், கால் அளவு மணல் பரப்பிய தட்டின் மேல் சிறிய மண்கலயம் ஒன்று இருந்தது. அதைச் சுற்றி ஈரமான வெள்ளைப் பனியன் துணி. மணலும் ஈரமாக இருந்தது. கலயத்தின் உள்ளே தண்ணீர் இல்லை. மூடியிட்ட சிறு டப்பாவில் அவருடைய மருந்தும், ஒரு சிறிய வெப்பமானியும் மட்டும் இருந்தன. வெளியே வைத்துப் பார்த்தபோது 38 டிகிரி காட்டிய வெப்பமானி, கலயத்துக்குள் 29 காட்டியது.

"இங்கே லைன் வீட்டுல குடியிருக்கறவங்க வீட்டுல ஃபிரிட்ஜ் எல்லாம் ஏதுங்க? இப்படித்தான் சமாளிக்கறாங்க" என்றார். துணியைப் பற்றியும் ஒரு பாடம் நடத்தினார். பருத்திதான் நீரை உறிஞ்சும். பாலியெஸ்டர் கலந்தது ஆகாது. நெய்த துணியைவிடப் பின்னிய பனியன் துணி பானையின் வளைவுக்கு நன்றாக ஒட்டிக்கொள்ளும். சாயம் ஏற்றாத வெள்ளைதான் நல்லது. கிலோக் கணக்கில் விற்கும் வெட்டுத் துண்டுகளிலிருந்து ஒரு முழம் எடுத்து நனைத்து, எங்களுக்கென்று வாங்கிவரச் சொன்ன புதுக் கலயத்தில் அவரே சுற்றிக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன். "விடுங்க சார். இதுக்கெல்லாம் காசு வாங்குவாங்களா?" என்று கையை விலக்கிவிட்டார்.

இதில் மாயம் எதுவுமில்லை. நீர் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்னும் ஆசிரியர், ஒரு பானைக்குள் இன்னொரு பானையை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பிக் காய்கறிகளைக் காத்தார். அதற்காக 2000-ஆம் ஆண்டில் ரோலெக்ஸ் விருது பெற்றார். குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி களிமண்ணாலேயே மின்சாரம் வேண்டாத குளிர்ப்பெட்டி செய்து விற்றுவருகிறார். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் இணைந்து, கென்யாவின் தாதாப் அகதிகள் முகாமில் நிலவும் வெப்பத்தை ஒத்த சூழலில் இன்சுலினைச் சோதித்தன. 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் வெப்பத்திலும் நான்கு வாரங்கள் அதன் வீரியம் குறையவில்லை என்று 2021-இல் வெளியிட்டன. எனினும் இது நாமாக மருந்தை வெளியே வைத்துவிட அனுமதி அன்று. குளிர்பதனப் பெட்டிக்கு வழியில்லாத இடத்தில் அஞ்ச வேண்டியதில்லை என்னும் ஆறுதல் மட்டுமே.

மண்கலயத்துக்கும் எல்லை உண்டு. கொங்கு நாட்டின் வறண்ட காற்றில் ஈரம் விரைந்து உலரும். கலயம் நன்றாகக் குளிரும். திருச்செந்தூர், ராமேசுவரம் போன்ற கடற்கரைத் தலங்களில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் அவ்வளவு குளிராது. அங்கே செல்வோர், துணியில் சுற்றிய ஐஸ் பொதி மருந்தைத் தொடாதபடி நடுவே தடுப்பு வைத்த பெட்டியை எடுத்துச் செல்வதே தக்கது. ஈரத்துணி சுற்றியதைப் பிளாஸ்டிக் பைக்குள் அடைத்தாலும் பயனில்லை. காற்று பட வேண்டும். எங்கே சென்றாலும் மருந்தை நிறுத்திய வண்டியில் விட்டுச் செல்லக் கூடாது. விமானத்தில் செல்வோர் அதைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாலையில் அவிநாசிச் சாலையில் புறப்பட்டோம். எட்டு கிலோமீட்டர் தொலைவில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய செல்வத்தைச் சுந்தரர் பறிகொடுத்து, பாடி மீட்ட தலம். பறிகொடுத்ததை மீட்டுத் தரும் இறைவன் முன், கலயத்தைக் கையில் ஏந்தி நின்றேன். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டரில் அவிநாசி.

திருப்புக்கொளியூர் என்று பழம்பெயர் பெற்ற அவிநாசியின் வரலாற்றை அன்பர்கள் அறிவார்கள். ஒரு வீட்டில் உபநயன மங்கல ஒலி. எதிர் வீட்டில் அழுகுரல். ஒத்த வயதுச் சிறுவர் இருவரில் ஒருவனை முன்பே முதலை விழுங்கிவிட்டது. அந்தப் பெற்றோரின் துயர் கண்டு சுந்தரர் பதிகம் பாட, முதலை பிள்ளையை உயிரோடு கொண்டுவந்து கரையில் சேர்த்தது. கருணாம்பிகை சந்நிதியில் நின்றபோது எனக்கு இன்னொரு சிறுவனின் நினைவு வந்தது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவன் நீரிழிவால் எலும்பும் தோலுமாகிச் சாகும் நிலையில் கிடந்தான். முந்தைய ஆண்டில்தான் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டறிந்திருந்தனர். அவனுக்கு முதலில் போட்ட ஊசி போதிய பலன் தரவில்லை. காலிப் என்னும் அறிஞர் மருந்தை மேலும் தூய்மையாக்கித் தந்த பின்னர் அவன் தேறி, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டறிந்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டனர். அதுவும் காலன் வாயிலிருந்து பிள்ளையை மீட்ட கதைதானே? அப்படி வந்த மருந்தைத்தான் நான் வெயிலில் வேக வைத்தேன்.

அக்கினி நட்சத்திரக் காலத்தில் சிவாலயங்களில் லிங்கத் திருமேனியின் மேல் தாராபாத்திரம் தொங்கவிடுவது வழக்கம். சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து இறைவனைக் குளிர்விக்கும். அப்பர் பெருமான் பெயரால் அப்பூதி அடிகள் தண்ணீர்ப்பந்தல் வைத்தது திங்களூரில். ஆண்டவனுக்கும் வழிப்போக்கருக்கும் வெயிலில் குளிர்ச்சி தேடித் தந்த மரபு நம்முடையது. உடன் வருபவரின் உயிர்மருந்துக்கு ஒரு கை நீர் தெளிப்பதும் அந்த மரபில் அடங்கியதே. இதைச் செய்யாமல் தேர்வடம் தொட்டதில் எனக்கு என்ன புண்ணியம் வந்திருக்கும்?

விடுதி அறையில் கலயத்தைச் சன்னலோரம், நிழலில், காற்றுப் படும்படி வைத்தோம். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துணியில் நீர் தெளித்தேன். வெளியே செல்லும்போது கலயத்தையும் தூக்கிக்கொண்டேன். "கையில் என்னங்க, தீர்த்தமா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாம்" என்றேன். இரண்டு நாட்களும் அவளுடைய சர்க்கரை அளவு ஏறாமல் நின்றது.

புறப்படும் நாள் காலையில் தரிசனம் முடித்து வெளியே வந்தோம். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தாள். நான் முன்னே சென்று ஒரு தொன்னையை வாங்கி அவளிடம் நீட்டினேன். அவள் விரல் நுனியால் சிறிது எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் இட்டுக்கொண்டு, மீதியை என்னிடமே தந்தாள். கலயத்துத் துணி சற்று உலர்ந்திருந்தது. கோயில் வாசலில் இருந்த குழாயில் அதை நனைத்துக்கொண்டு பேருந்துக்கு நடந்தோம்.