தொப்பி கேட்காத கார்

எனக்குப் பாட்டு சத்தமாகக் கேட்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவன் இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டுமோ என்னவோ, நான் படுவதில்லை. கும்பகோணத்தில் டவுன் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போன பிள்ளை நான். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் நுழைந்தால், மேல் கம்பியைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில் அதிர்வு ஏறும். பாட்டை உடம்பும் சேர்ந்து கேட்கும் என்பது அப்போதே எனக்குள் பதிந்துவிட்டது.

பிள்ளைகள் படிப்பு முடித்து வெளியூர் போன பிறகு, கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டில் நானும் மனைவியும் மட்டும் ஆனோம். அப்போதுதான் நெடுநாள் ஆசைப்பட்ட காரை வாங்கினேன். 1991-ம் வருட மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, துணிக்கூரை, சுவிட்சைத் தட்டினால் எழுந்து நிற்கும் ஹெட்லைட், 1.6 லிட்டர் எஞ்சின், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் இந்த மாடலை முதன்முதலாக வைத்தபோது, அழிந்துபோன ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் வகைக்கே மறுபடி உயிர் வந்தது என்று சொன்னார்கள். புகைக்குழாயின் ஓசையைக்கூட மாஸ்டா பொறியாளர்கள் காது வைத்துக் கேட்டுத்தான் அமைத்தார்கள். அதனால் இந்தக் கார்ப் பிரியர்களில் ஒரு சாரார், இதற்குள் ரேடியோ போடுவதே பாவம் என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மலைப்பாதையில் மூன்றாம் கியரில் ஏறும்போது நானும் பாட்டை நிறுத்திவிடுகிறேன். ஆனால் மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் நைல்ஸ் கேன்யன் சாலையில் நிதானமாகப் போகும்போது ஒரு தோடி ஆலாபனை வேண்டியிருக்கிறது. இரண்டையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

காரோடு வந்த ஸ்பீக்கர்கள் முந்தைய சொந்தக்காரர் எப்போதோ மாட்டியவை. பாட்டு வந்தது. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது. கூரையைத் திறந்து ஃப்ரீவேயில் ஏறினால் காற்று எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. இன்னும் பெரிய ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், சீட்டுக்குப் பின்னால் ஒரு சப்வூஃபர் என்று மனசுக்குள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அந்தச் சமயத்தில்தான், எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லித்தரும் நண்பர் ஒருவரை கச்சேரி முடிந்து வீட்டில் கொண்டுபோய் விட நேர்ந்தது. தனி ஆவர்த்தனம் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டவர், "தொப்பி எங்க சார் போச்சு? வலந்தலை மட்டும்தான் கேக்குது. ஒத்தைக் கையால வாசிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. வலந்தலையின் 'நம்', 'தின்' எல்லாம் கணீரென்று விழுந்தன. இடது கை, ரவைப் பசை ஒட்டிய தொப்பிப் பக்கம், அதில் வளைந்து எழும் கும்கி நாதம், இருந்த இடமே தெரியவில்லை. சத்தம் குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த கோளாறுக்கு அவர் சரியான பெயர் வைத்துவிட்டார். அடிநாதம் முழுக்கக் காணாமல் போயிருந்தது. அதைச் சத்தத்தைக் கூட்டி வரவழைக்க முடியாது.

சனிக்கிழமை காலை கதவைக் கழற்ற உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்னக் கம்பி கிளிப் ஒளிந்திருக்கும். பழைய துணி ஒன்றைக் கைப்பிடிக்கும் பேனலுக்கும் நடுவே நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல இப்படியும் அப்படியும் இழுத்தால் கிளிப் துள்ளி விழும். துள்ளி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு உள் கைப்பிடி, கதவை இழுக்கும் பிடி இவற்றின் ஸ்க்ரூக்கள். ஓரமெல்லாம் பிளாஸ்டிக் கிளிப்புகள். அவற்றைக் கிளிப்புக்கு நேர் அடியில் நெம்பித்தான் எடுக்க வேண்டும். தள்ளி நெம்பினால் கிளிப் நிற்கும், பேனல் பிய்ந்துவிடும். அந்தப் பேனல் அழுத்திய மரத்தூள் அட்டை. தண்ணீர் பட்டால் ஊதும். என் பேனலின் கீழ் ஓரம் ஏற்கெனவே ஊதி, விரலால் அழுத்தினால் பொறபொறவென்று உதிர்ந்தது.

ஸ்பீக்கரை வெளியே எடுத்தேன். கோனைச் சுற்றி வளையமாக இருக்க வேண்டிய நுரை, கை பட்டதும் கறுப்புப் பிசுக்காக விரலில் ஒட்டிக்கொண்டது. காற்றில் உள்ள ஈரம் அந்தப் பாலியூரிதேன் நுரையின் பிணைப்புகளை வருடக்கணக்கில் மெல்ல அறுத்துவிடும். ஓட்டினாலும் சரி, ஷெட்டில் நிறுத்தி வைத்தாலும் சரி, அது தன்பாட்டுக்கு மட்கும். கரகரப்புக்குக் காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் தொப்பி காணாமல் போனதற்குக் காரணம் ஸ்பீக்கர் இருந்த இடத்துக்குப் பின்னால் இருந்தது.

கதவின் உள் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் உண்டு. கண்ணாடியின் இயக்கத்தைப் பழுதுபார்க்கக் கை நுழைவதற்காக விட்டவை. அவற்றை மூடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். என் காரில் அந்தத் தாளை யாரோ பாதி கிழித்து எறிந்திருந்தார்கள். ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அழுந்தும், அதே கணத்தில் பின்பக்கக் காற்று விரியும். இரண்டும் நேரெதிர் அலைகள். பின்னலை கதவுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அது ஓட்டை வழியாகச் சுற்றி வந்து முன்னலையோடு சேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். உயர்ந்த ஸ்வரங்களின் அலை குட்டையானது, அதற்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. தாழ்ந்த நாதத்தின் அலை மீட்டர் கணக்கில் நீளம், அது அப்படியே செத்துப்போகும். தொப்பி போன வழி இதுதான். இந்த ஓட்டையை அடைக்காமல் ஆயிரம் டாலர் ஸ்பீக்கர் வாங்கி மாட்டியிருந்தாலும் நண்பர் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார். காரில் ஸ்பீக்கர் என்பது காந்தமும் கோனும் மட்டும் கிடையாது, கதவு முழுவதும் சேர்ந்துதான் ஸ்பீக்கர். கடையில் நமக்கு விற்பது அதில் பாதியைத்தான்.

கதவின் அடியில் இருந்த வடிகால் துளைகளை முதலில் கவனித்தேன். கண்ணாடியில் விழும் மழைநீர் ரப்பர் ஓரம் வழியாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அது அடியில் வடிந்துவிட வேண்டும். என் கதவில் மண்ணும் இலைத்தூளும் அடைத்துக் கட்டியாகியிருந்தன. மியாட்டாவில் கூரையின் தண்ணீரை இறக்கும் குழாய்களும் இருக்கைக்குப் பின்னால் உண்டு. அவை அடைத்தால் கதவுக்குக் கீழே ஓடும் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பாட்டு கேட்கிறார்களோ இல்லையோ, இந்தக் குழாய்களையாவது வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பிறகு ஓட்டைகளை பியூட்டைல் பூசிய அலுமினியத் தாளால் மூடினேன். கதவின் வெளித்தகட்டின் உட்புறத்திலும் சில துண்டுகள். ஒட்டுவதற்கு முன் விரல் முட்டியால் தட்டினால் தகர டப்பா போல 'டங்' என்றது, ஒட்டி உருளையால் அழுத்திய பின் 'தப்' என்றது. வடிகாலையும் கண்ணாடி ஓடும் பாதையையும் தாள் தொடாமல் பார்த்துக்கொண்டேன்.

புது ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாட் கணக்கை நான் பொருட்படுத்தவில்லை. 50 வாட் என்று முகப்பில் அச்சிட்டிருக்கும் ரேடியோ, ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து தருவது பெரும்பாலும் 15 முதல் 20 வாட் வரைதான். சத்தத்தில் 3 டெசிபல் கூட வேண்டும் என்றால் இரட்டிப்பு வாட் வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியது, குறைந்த மின்சாரத்தில் எவ்வளவு சத்தம் தருகிறது என்ற கணக்கு. அதில் 3 டெசிபல் மேலான ஸ்பீக்கர், ரேடியோவின் பலத்தை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். அடுத்து ஆழம். கண்ணாடியை முழுக்க இறக்கும்போது அது காந்தத்தின் முதுகை உரசிவிடக் கூடாது. காந்தத்தின் மேல் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஸ்பீக்கரை மாட்டி, கண்ணாடியை மெதுவாக இறக்கிப் பார்த்தேன். களிமண்ணில் கீறல் விழுந்தது. அரை அங்குல பிளாஸ்டிக் வளையம் வைத்து முன்னால் தள்ளியபின் கீறல் இல்லை. கோனைச் சுற்றி நுரைக்குப் பதில் ரப்பர் விளிம்பு உள்ளதாகப் பார்த்து, ஜோடி நூறு டாலருக்குள் முடித்தேன்.

காரின் பழைய ஒயரை வெட்டாமல் இணைப்பான் போட்டே பொருத்தினேன். எந்த ஒயர் பாசிட்டிவ் என்று நிறத்தை நம்பாமல், 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் முனை தொட்டதுதான் ஸ்பீக்கரின் பாசிட்டிவ். இரண்டு கதவில் ஒன்று மாறிவிட்டாலும் ஒன்று தள்ள மற்றது இழுக்கும், மறுபடி தொப்பி போய்விடும்.

என் மியாட்டாவில் தலை சாயும் இடத்திலும் குட்டி ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, சீட் உறைக்குள்ளேயே. கூரையில்லாத காருக்கு இது அருமையான யோசனை. கதவு ஸ்பீக்கர் காலடியில் இருக்கிறது, அதன் மேல்ஸ்தாயி தொடையில் முட்டி நின்றுவிடும். காதருகே உள்ள குட்டிகள் அதை ஈடுகட்டும். ஆனால் அவற்றை அளவோடு வைக்க வேண்டும், கூட்டினால் பாடகர் பிடரியில் உட்கார்ந்து பாடுவது போல் ஆகிவிடும். முன்னால் மேடை இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எல்லாம் மாட்டி முடித்து ரேடியோவைப் போட்டபோது தொப்பி வந்தது. கும்கி வளைந்து இறங்குவது முழங்காலில் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி ஒன்று கவனித்தாள்: "ஏங்க, வழக்கத்தை விட கம்மியாத்தானே வச்சிருக்கீங்க?" ஆமாம். அடிநாதம் இருந்தால் அந்த அளவே நிறைவாக இருக்கிறது. இல்லாதபோதுதான் கை தன்னால் குமிழைத் திருகுகிறது.

இந்த இடத்தில் என் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஒரு நாளில் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு ஒரு மணி. அவர்களே வெளியிட்ட இலவச அளவைச் செயலியைப் போட்டுப் பார்த்தேன். கூரையைத் திறந்து 65 மைலில் போகும்போது, பாட்டே இல்லாமல், என் காரில் 90-ஐ ஒட்டி நின்றது. அதற்கு மேல் கேட்கும்படி பாட்டு வைத்துக்கொண்டு ஓட்டியவன் நான். காது பரிசோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் இருக்கிறது, இரண்டு காதிலும். இரைச்சலால் கெட்டுப்போகும் காதுக்கு அது வழக்கமான அடையாளம் என்று பரிசோதித்தவர் சொன்னார். பள்ளம் நிரம்பாது. இன்னும் ஆழமாகாமல் பார்த்துக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸா, காரா, நாற்பது வருட ஹெட்ஃபோனா என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் சேர்ந்துதான். இப்போது ஃப்ரீவேயில் கூரையை மூடிவிடுகிறேன், அல்லது காதில் நுரை அடைப்பான் போட்டுக்கொண்டு பாட்டை நிறுத்திவிடுகிறேன். நைல்ஸ் கேன்யன் திருப்பம் வந்ததும் அடைப்பானைக் கழற்றுகிறேன்.

நவம்பரில் முதல் மழை பெய்ததும் ஓட்டுநர் பக்கப் பேனலை மறுபடி கழற்றினேன். தாள் பிரியவில்லை, தண்ணீர் அடித்துளை வழியாக ஒழுங்காக வடிந்திருந்தது, ஸ்பீக்கரின் முதுகு காய்ந்தே இருந்தது. கீழே இருந்த ஒரு ஸ்க்ரூவின் தலை மட்டும் பழுப்பேறியிருந்தது. நான்கையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக மாற்றி, பேனலைத் திரும்ப மாட்டினேன். பயணி பக்கக் கதவுக்கும் நான்கு வாங்கி வைத்திருக்கிறேன்.